பை சிக்கிய குழாய்

ஷார்ஜாவில் மழை விட்டு ஒன்பது நாளாகியும்
தொழிற்பேட்டை பதினொன்றில் தண்ணீர் இறங்கவில்லை.
இறைக்கும் டேங்கர்களில்
நெய்னாவின் வண்டி இல்லை.

நெய்னா இங்கே நாலாவது மாடியில்,
சிவப்பு மருந்து சொட்டும் கம்பத்தின் கீழே.
அவர் ரத்தம் அடித்தளத்தில் என்னிடம்,
நாற்பத்தொன்று என்று எழுதிய குழாயில்.

ஒளிரும் சாயத்தை ஊற்றுகிறேன்.
முப்பத்தேழு டிகிரி, அரை மணி நேரம்.
கழுவிப் பார்த்தால்
இருட்டு.
சாயம் போகாமல் இல்லை.
போனது; துப்பிவிட்டன.

பூட்டும் சாவியும் என்று
பரீட்சைக்கு நான் வரைந்த படம்
இந்தப் புரதத்துக்கு ஆகாது.
எண்ணெய்ப்பசை இருந்தால் போதும், யாரும் நுழையலாம்:
செடியின் நஞ்சு, இதய மாத்திரை,
என் சாயம், நெய்னாவின் சிவப்பு.
அறை ஒன்றுதான்.
ஒன்று இந்தச் சுவரில் சாயும், இன்னொன்று எதிர்ச்சுவரில்,
சில நேரம் இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு.
சுவரெல்லாம் வளையங்கள்,
பிடித்துக்கொள்ள எதற்கும் ஏதோ ஒன்று அகப்படும்.
இரண்டு பொட்டு எரிபொருள் ஏறியதும்
உள்பக்கம் அகன்ற கால்கள் சேரும்,
வெளிப்பக்கம் வாய் பிளக்கும்.
போ.

ரத்தம் எடுக்கப் போனபோது கேட்டேன்,
உங்கள் பம்பு எதற்கு நிற்கும்?
"கல்லு, செருப்பு, செத்த எலி,
எது வந்தாலும் இழுத்துத் தள்ளிடும்.
ஒரு பிளாஸ்டிக் பை வந்தா முடிஞ்சுது.
உள்ளயும் வராது, வெளியவும் போவாது.
மோட்டார் பாட்டுக்கு ஓடும்,
டீசலக் குடிச்சுக்கிட்டு."

கீழே வந்து தடுப்பானைச் சேர்த்தேன்.
மருந்து புகும் அதே அறைக்குள்தான் அதுவும் புகும்.
நீண்ட உடம்பு. ஒன்று நடுவில் வளைந்து கிடக்கும்,
இன்னொன்று நுழைவழியில் மடங்கி,
மருந்து எட்டாத மூலைவரை கை நீட்டி.
எரிபொருள் எரிகிறது.
கால்கள் சேரவில்லை.

மறுபடி சாயம். மறுபடி அரை மணி.
பச்சை!
மாரிசெலைக் கூப்பிட்டேன்.
வாயில் சோற்றோடு வந்து பார்த்தாள்.
செல்லுக்குச் செல் பச்சை.

கண்ணாடித் தட்டில்தான்.
இதே பம்பு நெய்னாவின் மூளை வாசலிலும் நிற்கிறது,
குடலில், ஈரலில், சிறுநீரகத்தில்.
அங்கே அது ஒழுங்கான காவல்.
ஒன்றை அடைத்து மற்றதை விட்டுவைக்கும் பை
என்னிடம் இல்லை,
எனக்குத் தெரிந்த யாரிடமும் இல்லை.

'பம்பு மிகை' என்று மட்டும் அறிக்கையில் எழுதினேன்.
டாக்டர் ஹுதா மருந்தை மாற்றினார்,
தண்ணீரோடு கலக்கிற ஜாதி,
அந்தச் சுவர்களில் ஒட்டாதது.
பலிக்குமா என்று அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவும் இல்லை.

இன்று மேலே போனேன்.
கம்பத்தில் நிறமில்லாத பை.
"பதினொண்ணுல வத்திருச்சா?"
முழங்காலுக்கு நிற்கிறதாம் என்றேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"வண்டிச் சாவி சாபுதீன்கிட்ட இருக்கு.
வடிகட்டியக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க."