மைனஸ் அறுபத்தேழு

கத்திரி வெயிலில் முதல்முறை அளந்தேன்.
அப்போது கிடங்கு காலி.
ராணிப்பேட்டை சிப்காட்டின் பின்பக்கம்
தகரக் கூரைக்குக் கீழே
இருபத்திரண்டு வரிசை இரும்பு அடுக்குகள்,
வெறும் எலும்பாக.
கோடி முதல் கோடி வரை
பச்சை அடித்துக் கொடுத்தது லேப்டாப்.
இந்த ஜில்லாவில் மே மாதத்தில்
அவ்வளவு பச்சையை யாரும் பார்த்திருக்க முடியாது.
மேனேஜர் உடனே கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் திரும்பக் கூப்பிட்டார்கள்.
பாலத்தில் பஸ் ஊர்ந்தது. பாலாற்றில் தண்ணீர்.
ஜனங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு
செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீரைப் பார்த்துப் பயந்தவள்
அன்றைக்கு நான் ஒருத்திதான்.

ஏனென்றால் எலும்பின்மேல் இப்போது சதை.
ஜெர்மனிக்குப் போகவேண்டிய பூட்ஸ் பெட்டிகள்
கூரையை முட்டிக்கொண்டு,
பதினான்காம் வரிசை முழுக்கப் பசை டின்கள்,
பதினைந்தில் வெட்ப்ளூ தோல்,
பிளாஸ்டிக் சுற்றிய ஈரம், கட்டுக் கட்டாக.
டின் அலையைத் திருப்பி அடிக்கும்.
ஈரம் குடித்துவிடும்.

என் தொழிலில் எண்களெல்லாம் கடன் கணக்கு.
மைனஸ் அறுபத்தேழு என்றால் நிம்மதி.
மைனஸ் எண்பது என்றால் வட்டிக்கு வட்டி.
பூஜ்யத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை.

"பதினஞ்சுல நுழைஞ்சா மிஷின் ஊமையாயிடுது மேடம்,
தலைக்கு மேலயே ஒண்ணு இருக்குது,
அத்த உட்டுட்டு
கேட்டாண்ட இருக்கறதையே புடிச்சிக்கினு தொங்குது"
என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஜக்கரியா.
தெரியும். முதலில் பிடித்த கையை விடாத ஜாதி அவை.
"மேல்விஷாரத்துல எங்க மச்சான் ஒருத்தரு,
துபாய்லேருந்து வந்து ஆறு வருஷம் ஆவுது,
இன்னும் அந்த சிம்முக்கே ரீசார்ஜ் பண்றாரு."

பவரைக் கூட்டுங்கள் என்றார் மேனேஜர்.
ஏற்கனவே யாரோ கூட்டித்தான் வைத்திருந்தார்கள்.
கூரையிலிருந்து ஆன்டெனாக்கள் கத்திக்கொண்டிருந்தன,
எல்லா ஸ்கேனரிலும் ஐந்து கோடு.

ஆனால் ஸ்கேனருக்குத் தொண்டை சின்னது.
இந்தப் பெட்டியை எடுத்தாகிவிட்டது
என்று அது சொல்வது
இரண்டு வரிசைக்குள் தோலுக்குள் இறங்கிவிடும்.
கேட்காத ஆன்டெனா மேலும் கத்தும்.
ஐந்து கோடும் எரியும்,
பெட்டி மட்டும் கணக்கில் ஏறாது.

குணவதி ஓர் அட்டைத் துண்டை நீட்டினாள்.
பென்சிலில் எண்கள், தேதியோடு, ஷிப்டோடு.
நாற்பத்தொரு பெட்டிகள்.
அவள் எடுத்தவை, எடுத்ததாக யாருக்கும் தெரியாதவை.
"ஆபீஸ்ல காட்டினேன்.
அஞ்சு கோடு இருக்குதே, இன்னா பொய் சொல்றேன்னாங்க."

அந்த ஐந்து கோட்டின் கீழே இருப்பது
மே மாதத்து என் கையெழுத்தும்தான்.

அன்று இரவு பவரைக் குறைத்தேன்.
கூரையிலிருந்து ஆறை இறக்கி
சந்துகளின் முனையில், உள்ளே பார்க்கத் திருப்பினேன்.
என் விலையுயர்ந்த மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு
அவளுடைய ஸ்கேனரோடு நடந்தேன்,
அவள் பிடிக்கிற இடுப்பு உயரத்தில்,
உடம்பை ஒட்டி.
உடம்பும் பாதிக்குமேல் தண்ணீர்தானே,
அதையும் வரைபடத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

விடியும்போது மூன்று கோடு.
இன்னா மேடம் குறைஞ்சிடுச்சே என்று
முகம் சுளித்தார் மேனேஜர்.
பதினைந்தாம் வரிசையின் நடுவே
குணவதி ஒரு பெட்டியை அழுத்தினாள்.
பீப்.
இன்னொன்று. பீப்.
ஜக்கரியா ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனார்.

மீட்டரை, வயரை, ஏணியைக் கட்டினேன்.
ரிப்போர்ட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது,
உயரம், கோணம், சேனல், தேதி.

வாசல்வரை கூடவே வந்தாள்.
நன்றி சொல்லப்போகிறாள் என்று
புன்னகையைத் தயாராக வைத்திருந்தேன்.

"மேடம்,
அந்த நாப்பத்தொண்ணு?"