ஆறு மணி

கதவைத் தள்ளியதும்
மூக்குக் கண்ணாடி குருடாகிவிடும்.
அதனால் இந்தக் கடையை நான்
முதலில் பார்ப்பது மூக்கால்:
சூடான பால், கருகிய சர்க்கரை,
பனியில் நனைந்த கம்பளி.

மணி ஐந்து நாற்பத்தெட்டு.

ஐந்து டாலர் நோட்டை நீட்டினால்
பாஸ்டனில் காப்பிக் கோப்பையின் மூடிதான் கிடைக்கும்.
பீச் தெருவில் இந்த ஒரு கதவுக்குள் மட்டும்
ஒன்று எண்பதுக்குக் கைக்கடங்காத பன்.
அன்னாசி என்று பெயர், அன்னாசி கிடையாது;
மேல்தோல் வெடித்த அழகுக்கு வைத்த பெயர்.
பழைய விலைமேல் புதிய விலை ஒட்டிய சீட்டுகள்.
நகத்தால் சுரண்டினால்
வருஷம் வருஷமாகக் கீழே இறங்கலாம்.
கார்டு செல்லாது.
பேச்சும் அதிகம் செல்லாது.

ஆறு மணிக்கு எல்லாம் பாதி விலை.
எங்கும் எழுதிவைக்கவில்லை.
எழுதிவைக்காததால்தான் ஏழு பேரும்
காத்திருக்காதவர்கள் போலக் காத்திருக்கிறோம்.

மோய் கிம்வா செய்தித்தாளில்
அரைமணியாக ஒரே பக்கம் படிக்கிறார்.
மருத்துவமனையில் தரை துடைக்கும் சுல்மிரா
காலணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறாள்.
செல்லோப் பெட்டியை
மயங்கிய ஆளைப்போல் தாங்கி நிற்கும் பையன்
தட்டைப் பார்க்கவில்லை என்று காட்டக்
கூரையைப் பார்க்கிறான்.
நான் கைபேசியைப் பார்க்கிறேன்.
அது அணைந்து கால்மணி ஆகிறது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான்.
கோட்டு, நல்ல கோட்டு.
"முட்டை டார்ட்."
"எத்தனை?"
"இருக்கிறது எல்லாம்."

எல்லாம் என்றால் பதினான்கு.
முழு விலைக்கு.
கண்ணாடிமேல் நூறு டாலர் நோட்டை வைத்தான்.
நோட்டு விழுந்தால் சத்தம் வராது,
ஆனாலும் ஏழு பேருக்கும் கேட்டது.

லியூங் சௌபிங்கின் இடுக்கி
ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கியது.
தட்டில் பதினான்கு எண்ணெய் வட்டங்கள்.
மீதி எழுபத்தேழு அறுபதை
அவள் இரண்டுமுறை எண்ணினாள்.
மோய் தாய்ஷான் பேச்சில் ஏதோ சொன்னார்,
ஒரே ஓர் அசை.
அந்த மொழி எனக்குத் தெரியாது.
அர்த்தம் தெரிந்தது.

எங்கள் கோபத்தில் ஒரு நியாயமும் இல்லை.
சொன்ன விலையைக் கொடுத்தான், வாங்கினான்,
நன்றிகூடச் சொன்னான்.
அவனுக்குக் கதவைப் பிடித்தவன் செல்லோப் பையன்;
ஆள் போனபின் எல்லோரும்
பையனை முறைத்தோம்.

ஐந்து ஐம்பத்தெட்டு.
சௌபிங் உள்ளே போய்
இன்னொரு தட்டோடு வந்தாள்.
விளிம்பு உதிர்ந்தவை,
ஒருபக்கம் சாய்ந்து இறுகியவை,
ஒன்றில் யாரோ கட்டைவிரல் பதித்திருந்தது.
எப்போது ஒதுக்கினாள்? யாருக்கென்று?
கேட்க எங்களிடம் நாலு மொழி இருந்தது,
அவளிடம் நேரம் இல்லை.

"ஆறு," என்றாள்.
சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பாக்கி.
அவள் சொன்னால் ஆறுதான்.
அந்த எண்ணிலேயே கோபமும் ஆறியது.

வெளியே, பேருந்து நிறுத்தத்தில்,
வாய் நிறைய வைத்துக்கொண்டு சுல்மிரா சொன்னாள்:
"அந்தக் கோட்டு எனக்குத் தெரியும்.
நாலாம் மாடி.
மூணு வாரமா அதே கோட்டு."
நாலாம் மாடியில் என்ன என்று
நான் கேட்கவில்லை.
அவள் பேருந்து வந்துவிட்டது.

எனக்கு வாய்த்தது விரல் பதிந்த டார்ட்.
எண்பது காசு.
அந்தப் பள்ளத்தில்
என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை,
என்னுடையதைவிடச் சின்ன விரல்.

நின்றபடியே தின்றேன்.
இனிப்பு கொஞ்சம் தூக்கல்.