இரும்புப் பெட்டியின் பாதை

தேவகோட்டையில் எங்கள் கிளை
ஒரு பெரிய வீட்டின் முகப்பில் இருக்கிறது.
வாடகை குறைவு. வாசலுக்கு ஏழு படி.
நான் எண்ணுவதில்லை, என் கால் எண்ணிக்கொள்ளும்.
எண்ணிக்கொண்டே இருப்பவன் சேவுகன்,
ஏற முடியாததால்.

நகைக்கடன் பிரிவில் நான்.
ஒரு காதில் வாடிக்கையாளர்,
மறு காதில் திரையைப் படித்துச் சொல்லும் குரல்.
மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன்.
"கடுகு பொரியிற மாதிரி இருக்கே உமையாள்,
இதுல என்ன புரியும்?" என்றார் மேலாளர்,
ஒருமுறை காதில் வைத்துப் பார்த்துவிட்டு.
கடுகுதான் சார்.
எது எப்போது வெடித்தது என்று தெரியும்.

இந்த ஊர்ப் பெயர்கள் அந்தக் குரலுக்குப் பழகவில்லை.
பெரி. லெ. சித. அழகம்மை வந்தால்
ஒவ்வொரு புள்ளியிலும் நின்று மூச்சு வாங்கும்.
மெ. மெ. என்று இரண்டு தலைமுறை சேர்ந்து வந்தால்
ஆட்டுக்குட்டி கத்தும்.
சிரிப்பை விழுங்கிக்கொண்டு வட்டி போடுவேன்.

போன ஆடியில் புது மென்பொருள்.
பட்டன். பட்டன். பெயரில்லாத படம். பட்டன். பட்டன்.
எதை அழுத்தினால் மீட்பு, எதை அழுத்தினால் ஏலம்?
தலைமையகத்துக்கு எழுதினேன்.
"தங்கள் கடிதம் பார்வைக்கு
எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது.
பார்வைக்கு.

சேவுகன்தான் சொல்லித் தந்தான்:
"மூணாவது மீட்பு. நாலாவதத் தொட்டுராத."
அவன் வருவதோ கொல்லை வழி.
சந்து, கிணற்றடி, பாத்திரம் விளக்கும் இடம்,
இரண்டாம் கட்டு, அப்புறம் வளவு.
ஒவ்வொரு நிலைக்கும்
நாற்காலியைத் தூக்கிவிட ஆள் தேட வேண்டும்.
விரல் வைக்கிற கருவி முகப்பில்.
தெருவுக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுகிறவன்
கருவிக்குப் பத்து ஏழுக்குத்தான் வருகிறான்.
மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு கழியும்.

கார்த்திகையில் புதுப் பெட்டி வந்தது.
எட்டுக் குவிண்டால் இரும்பு.
ஏழு படியையும் மூடித் தகடு சாத்தினார்கள்,
கயிறு கட்டினார்கள், பிடி, விடு, பிடி என்றார்கள்.
வீடே ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.
ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள்.

அப்போது இன்னொரு சத்தம்.
ரப்பர் சக்கரம், சுற்றுக்கு ஒரு கீச்சு.
ஐந்து வருடமாக என் முதுகுப் பக்கம் கேட்டது
அன்றைக்கு முகத்துக்கு நேரே ஏறி வந்தது.
லாரி டிரைவர்தான் தள்ளினாராம்.
கருவி 'நன்றி' என்றது.
ஒன்பது நாற்பத்தாறு.

"அட, வந்தாச்சா" என்றார் மேலாளர்.
வேறு யாரும் எதுவும் பேசவில்லை.
மாலையில் தகடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
அவை பெட்டியின் சாமான்.

மறுநாள் நான் விண்ணப்பம் அடிக்க உட்கார்ந்தேன்.
'மாற்றுத்திறனாளி ஊழியர் நலன் கருதி'
என்று குரல் படிக்கும்போதே சேவுகன் நிறுத்தினான்.
"அஞ்சு தடவை எழுதியாச்சு. தலைப்ப மாத்து."

பெட்டகப் பராமரிப்பு, துணைச் செலவு:
பெட்டியைப் பழுது பார்க்க வெளியே கொண்டுபோகவும்
திரும்பக் கொண்டுவரவும் நிரந்தரச் சாய்தளம்,
கைப்பிடியுடன். முப்பத்தெட்டாயிரம்.

கைப்பிடி பெட்டிக்கு எதற்கு என்று
அங்கே ஒருவரும் கேட்கவில்லை.
நான்கே நாளில் ஒப்புதல் வந்துவிட்டது.

இப்போது தினமும் காலையில் அந்தக் கீச்சு
நேராக ஏறி வருகிறது. வாசலில் நின்று
"பெட்டி வந்துருச்சு" என்று குரல் கொடுக்கிறான்.
மேலாளருக்கு அது நகைச்சுவையா குத்தலா என்று
இன்னும் பிடிபடவில்லை.

பட்டன்களுக்குப் பெயர் வரவில்லை.
அதை எந்தச் செலவுத் தலைப்பில் நுழைப்பது என்று
மதியச் சாப்பாட்டில் இருவரும்
யோசித்துக்கொண்டிருக்கிறோம்.