குழி இலக்கம் பதினான்கு

நகரசபை அறிவித்தலை மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள்.
தமிழில் மட்டும்
"நடைபாதையில் மறம் நடுதல்."
சிரித்தேன்.
பிறகு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன்.

குழி மூன்றடிக்கு மூன்றடி.
மின்கம்பத்திலிருந்து பத்தடி தள்ளி,
தண்ணீர் மீற்றரிலிருந்து ஐந்தடி,
கடை வாசலுக்கு நேரே ஆகாது,
நடக்கிறவனுக்கு நாலடி மிச்சம் வேண்டும்.
ஆக, ஹட்டன் பிரதான வீதியில்
மரத்துக்கு இடமே இல்லை என்று
டேப்பைச் சுருட்டினார் உத்தியோகத்தர் சமரதுங்க.
ஒரு பிளேன்டி குடித்தார்.
இடம் வந்தது.

ஒரு சாண் கொங்கிறீட்,
அதன் கீழே பழைய தார்,
அதன் கீழே எவனோ புதைத்து மறந்த டெலிபோன் வயர்.
அதற்கும் கீழேதான் மண்.
மழை தொட்டு எத்தனை வருஷமோ,
இந்த ஊரில் இப்படி உலர்ந்த மண்ணை
நான் பார்த்ததே இல்லை.

பதினெட்டு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான்.
தேயிலையும் மரம்தான்,
விட்டால் லயத்துக் கூரையைத் தாண்டும்.
விட்டதில்லை.
இடுப்புக்கு மேலே எழும்பியதையெல்லாம்
இந்தக் கையால்தான் சாய்த்தேன்.
இங்கே ஒன்பதாம் பிரிவு சொல்கிறது:
எழுத்துமூல அனுமதியின்றி
ஒரு கிளையைத் தறித்தாலும் தண்டம்.
இரண்டு தரம் வாசித்தேன்.

பதினான்காம் குழி
இரும்புக் கடைக்கும் பார்மசிக்கும் நடுவில் விழுந்தது.
லொறியை எங்கே நிறுத்துவது என்றார் ஒருவர்.
போர்டு மறையும் என்றார் மற்றவர்.
பொறுப்பாளர் கையெழுத்து கட்டாயம் என்றதும்
இருவரும் அடுத்தவர் வாசலைக் காட்டினார்கள்.

சாக்கு விரித்து
சாக்ஸும் கம்பளித் தொப்பியும் விற்கிற மரியபுஷ்பம்
பேனாவைக் கேட்டாள்.
"எனக்கும் நெழல்தானே."
இந்தக் குளிருக்கு நிழல் எதற்கு என்று யாரோ சிரிக்க,
"அப்ப மழைக்கு," என்றாள்.

பெயர் எழுதியாயிற்று.
அடுத்த கோடு முகவரி.
அங்கே பேனா நின்றது.

அவள் லயத்துக்கு இலக்கம் கிடையாது.
கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசில் கிடக்கும்,
கங்காணி ஞாபகம் வந்தால் தருவார்,
மகனுடைய நேர்முகப் பரீட்சைக் கடிதம்
பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் வந்தது.
நிரந்தர முகவரி இல்லாதவர் பொறுப்பாளராக முடியாது,
விரலை வைத்துக் காட்டினார் சமரதுங்க.
தூறல் தொடங்கிவிட்டது.
படிவம் நனைகிற அவசரத்தில்
நான் வாங்கி எழுதினேன்:
குழி இலக்கம் 14,
பிரதான வீதி,
ஹட்டன்.

அவர் படித்தார்.
என்னைப் பார்த்தார்.
கண்டி பஸ் வந்துகொண்டிருந்தது.
முத்திரையைக் குத்திவிட்டு ஓடினார்.

ஐப்பசியில் சப்புக் கன்று நட்டோம்.
தை பிறந்து இரண்டாம் கிழமை
நகரசபையிலிருந்து ஒரு கடிதம்:
மேற்படி இலக்கத்து மரம் வீதிப்பக்கம் சாய்ந்துள்ளது,
பதினான்கு நாட்களுக்குள் முண்டு கொடுக்கத் தவறின்
சட்ட நடவடிக்கை.

தபால்காரர் நடு வீதியில் நின்று
அவள் பெயரைச் சத்தமாய்க் கூப்பிட்டாராம்.
இரும்புக் கடைக்காரரே எட்டிப் பார்த்தாராம்.
கடிதம் இப்போது பொலித்தீனுக்குள்,
தொப்பிக் கட்டுக்கு அடியில் இருக்கிறது.
கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிறாள்.

மூங்கிலும் கயிறுமாய் நான் போனேன்.
"கட்டுறதுன்னா கட்டுங்க," என்றாள்,
கன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.
"ரொம்ப நிமித்திப்புடாதீங்க.
இன்னொரு கடுதாசி வரட்டும்."