சீட்டு விழுந்த வீடு

செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்கள்.
பாதை முனைத் தொலைபேசிக் கூண்டில் நின்று
நான்தான் குறித்துக்கொண்டேன்:
மூன்றடுக்குக் கேக், வெண்ணெய்ப் பூச்சு,
மேலே நீலத்தில் ‘வெற்றி வேட்பாளர் ஹோலிஸ்டர்.’
ஓட்டல் மேலாளர் இருமுறை எழுத்துக்கூட்டினார்.
பிசகினால் பணம் கிடையாதாம்.

வாக்கெடுப்பு சனிக்கிழமை.

ஓஹாயோ மேடுகளில் குதிரை வண்டியில் பதினோரு மைல்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல அந்தக் கேக்கைக்
குலுங்காமல் கொண்டு சேர்த்தேன்.
சமையலறைச் சின்ன சன்னல் வழியே தெரிந்தது மண்டபம்.
கூரையில் வலைக்குள் பலூன்கள்.
மேடையில் நான்கு நாற்காலி, நான்கு போட்டியாளர்.
மூவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள்,
நாலாமவர் கைக்கடிகாரம் பார்த்தார்.
கைகள் உயர்ந்தன. எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள்.
கேட்டதும் நம்பாதவர்போல அவர் நெஞ்சில் கைவைத்தார்.
எனக்கும் கேக்குக்கும்தான் முன்பே தெரியும்
என்று சிரித்துக்கொண்டேன்.
இல்லை, பலூன் ஊதிய பையன்களுக்கும் தெரிந்திருக்கும்.

“ஹோலிஸ்டருக்குச் சீட்டு கிடைத்துவிட்டது,”
பாத்திரம் கழுவுகிறவள் சொன்னாள்.
சீட்டு.
அந்தச் சொல்லை வீடுவரை சுமந்து வந்தேன்.

ஏனென்றால் மறுநாள் எங்கள் சபையிலும் சீட்டு.
ஈனோஸ் போனபின் போதிக்க ஆளில்லை.
மறைப்பானேன், நாங்களும் பெயர் சொல்கிறோம்:
கதவிடுக்கில் வாய்வைத்து, ஆளுக்கொரு பெயர்.
நான் அம்மோனைச் சொன்னேன்,
நொண்டிக் குதிரையை என் தலையில் கட்டியவன்.
பாரம் ஏறினால் திருந்துவான் என்று.
மூன்று வாய் ஒரே பெயரைச் சொன்னால்
அந்த மனிதன் மேசைக்கு வரவேண்டும்.
ஆறு பேர் வந்தார்கள்.
ஆறாவது என் மக்லோன்.

ஆறு பாட்டுப் புத்தகங்கள், ரப்பர் பட்டை போட்டவை.
ஒன்றுக்குள் மட்டும் துண்டுத்தாள்.
ஆயர் கலைத்தார், இன்னொருவர் மறுபடி கலைத்தார்,
எது எதுவென்று இருவருக்குமே தெரியாதபடி.
பன்றிக்கொட்டில் கழுவுகிற கைகள்
நெருப்பை எடுப்பதுபோல் எடுத்தன.

அம்மோனுடையதைப் பிரித்தார். இல்லை.
அவன் விட்ட மூச்சு பெண்கள் வரிசைவரை கேட்டது.
அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும்.
எங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு வேண்டாம்
என்று மன்றாடினேன்.
அதுவும் ஒருவகைப் பிரச்சாரம்தான்.
ஐந்தாவதும் இல்லை என்றபோது
ஆறாவதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மக்லோனுக்கு நாக்கு திக்கும்,
தன் பெயரின் முதல் எழுத்திலேயே முட்டி நிற்பான்.
சம்பளமில்லை. பதவிக்காலம், சாகும்வரை.
யாரும் கைதட்டவில்லை.
துக்கம் கேட்க வந்தவர்களைப்போல் கட்டிக்கொண்டு அழுதார்கள்.
கேக் யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை.

அன்றிரவு தொழுவத்தில் லாந்தர் எரிந்தது.
மாடுகளிடம் பேசிப் பழகிக்கொண்டிருந்தான்.
மாடுகள் பொறுமையானவை.

வாரநடுவில் ஒரு பெண் வந்தாள்,
சட்டையில் ஹோலிஸ்டர் முகம் பொறித்த வட்டம்.
நல்ல பெண். சேற்றுக் காலணியைப் படியிலேயே கழற்றினாள்.
“உங்கள் வாக்கை எங்களுக்குத் தாருங்கள்.”
என்னிடம் ஒரே ஒரு வாக்குதான் இருந்தது என்றேன்.
பதினெட்டு வயதில் மண்டியிட்டு
தலையில் தண்ணீர் வழிய அதைக் கொடுத்துவிட்டேன்.
திருப்பி வாங்கி இன்னொருவருக்குத் தருவது எப்படி?

உங்கள் சீட்டு மட்டும் மனிதர் கை படாததா
என்று அவள் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
படுத்தபின் நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.
மூன்று வாய்கள். யாருடைய மூன்று?
அம்மோனின் மனைவி என்னைத் தழுவியபோது
கண்ணைப் பார்க்கவில்லையே.

ஞாயிறு மக்லோன் எழுந்து நின்றான்.
க, என்றான். க. க.
ஒருவரும் இருமவில்லை.
வியர்வை காலருக்குள் இறங்கிற்று.
ஆண்கள் வரிசையில் அம்மோன் முன்னால் குனிந்தான்,
சேற்றில் இறங்கிய வண்டிக்குத் தோள் கொடுக்கிறவனைப்போல,
சத்தமின்றி உதட்டை அசைத்தான்.

கர்த்தர், என்றான் என் கணவன்.