முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

அவள் கணுக்காலைத் தெரிந்த அளவு
முகம் எனக்குத் தெரியாது.
ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு
பெஞ்சில் காலை நீட்டுவாள்,
போனில் யாரிடமோ ஒயர் விலை பேசியபடி.
டாம்சின் ட்ரெசைஸ், எண் இருபத்தேழு.
வார நாட்களில் எலக்ட்ரீஷியன்.
கழுவியும் போகாத கூரைத் தூசி நகக்கண்ணில்.

முப்பத்தெட்டு மில்லிமீட்டர் டேப்.
குதிகாலுக்கு அடியில் ஒரு சுற்று,
பிறகு குறுக்கே ஓர் எட்டுப் போடுவேன்.
அதற்குள் கதை சொல்லி முடித்துவிடுவாள்.

மூண்டாவில், செம்புச் சுரங்கம் மூடிப்போன ஊரில்,
பையன்களோடு ஆடியிருக்கிறாள்.
பதினான்கு முடிந்த வாரம் ஒரு கடிதம்:
இனி அனுமதி இல்லை.
"அந்த சீசன்ல அதிக கோல் நான்தான்"
மீட்டர் பார்த்து எண் சொல்லும் குரல்.
எல்லைக்கோட்டு நடுவராகச் சேர்ந்தாள்.
பதினோரு வருடம்
வெளியே போன பந்தை எடுத்து,
மைதானத்துக்கு முதுகைக் காட்டி,
தலைக்கு மேலே உள்ளே எறிந்தாள்
மற்றவர்கள் ஆட.

பெண்களுக்கென்று லீக் வந்தபோது வயது இருபத்தாறு.
முதல் வருடம் தந்தது ஆண்களின் கால்சட்டை.
இடுப்பில் என் டேப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

உருண்டைப் பந்தில்லை அது.
தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளுமென்று
அதற்கே தெரியாது.
அவள் பந்தைத் துரத்தமாட்டாள்;
துள்ளி முடியப்போகும் இடத்தில் போய் நிற்பாள்.
பத்தில் ஏழு தடவை அங்கேதான் வரும்.
மீதி மூன்றுக்குத்தான் நான்.

மூன்றாம் சீசன், அடிலெய்டில் நல்ல வெயில்.
யாரும் இடிக்கவில்லை. திரும்பினாள், அவ்வளவுதான்.
முழங்காலுக்குள் எதுவோ அறுந்த சத்தம்
எல்லைக்கோட்டுக்கு வெளியே எனக்குக் கேட்டதாக
இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.
ஸ்ட்ரெச்சரில் கேட்டாள்:
"திங்கக்கெழம ஏணி ஏறலாமா?"
கிளப் சம்பளம் பாதி வாடகைக்குத்தான் வரும்.

பதினான்கு மாதம் கழித்து வந்தவளின் முதல் உதை
கம்பத்தில் பட்டது.
ஆறு புள்ளி வர வேண்டிய இடத்தில் ஒன்று.
ஒற்றைக் கொடி ஆடியது.
கம்பத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்
தன் இடத்துக்கு ஓடினாள்.

நாற்பத்தொரு ஆட்டம், பத்தொன்பது கோல்.
ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்ற அழைப்பு வந்தபோது
யார் வீட்டுக் கூரைக்குள்ளோ மல்லாந்து கிடந்தாளாம்,
பல்லுக்கிடையில் டார்ச்.
"ம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.
பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டாள் என்று
கிளப்பில் பேசிக்கொண்டார்கள்.

நேற்று என் வீட்டு ஃப்யூஸ் பெட்டியை மாற்ற வந்தாள்.
பணம் வேண்டாமென்று சொல்லி
ஷூவைக் கழற்றி, காலை நாற்காலியில் வைத்தாள்.
"புதன்கிழமை சும்மா ஒரு ஆட்டம்.
கம்பவுண்டர், பஸ் டிரைவர், நான்."
சவரம் மறந்துபோன கணுக்கால்.
பிரிக்கும்போது வலிக்குமே என்றேன்.

"பிரிக்கும்போதுதானே"