இருபத்தேழாம் எண்

டனீடினில் ஜூலை என்றால்
ஜன்னல் கண்ணாடியின் உட்புறமும் பனி கட்டும்.
விலங்கறையில் ரேவா பரனிஹி
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுக்
குறிப்பேட்டைத் திறக்கிறாள்.

எண் 27. பெண். மேக்ரேஸ் மேட்டில்
மெர்வ் டல்கிளீஷின் செம்மறிகள் மேயும் சரிவில்,
அடுக்குப்பாறை இடுக்கிலிருந்து
மார்ச்சில் எடுத்தது.
வயிற்றில் இரண்டு.
தோல் வழியே நிழலாகத் தெரியும்.
நகம் முளைத்து, கண் கறுத்து,
எல்லாம் முடிந்து மூன்று மாதம்.

"அப்புறம் ஏன் போடவில்லை?" என்றார் மெர்வ்.
அவருடைய ஆடுகளுக்கு நூற்று நாற்பத்தேழு நாள்.
கிடா விட்ட தேதியைச்
சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டால் போதும்,
ஈற்று எப்போது என்று சுவரே சொல்லிவிடும்.
இதற்கு அப்படித் தேதி கிடையாது.
முழுசாய் ஆன பிள்ளைகளை வைத்துக்கொண்டு
ஒரு பனிக்காலம் பூராவும்
கல்லுக்கடியில் சும்மா கிடக்கும்.

ரேவாவின் தாய்வழியில்
பல்லி சிரித்தால் சாவு.
வேலைக்குச் சேர்ந்த வாரம் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.
இந்தப் பல்லி சிரிப்பதில்லை, பலன் சொல்வதில்லை.
இமையில்லாத கண்ணை
நாக்கால் துடைத்துக்கொண்டு
பார்க்கிறது.

சூட்டுப் பெட்டிகள் பன்னிரண்டு,
குளிர்ப் பெட்டிகள் பன்னிரண்டு.
எல்லாவற்றுக்கும் ஊசிமுனையில் வாசோடோசின்:
மூளையடியில் ஊறும் ஹார்மோனின் ஆய்வகப் பிரதி,
கருப்பையிடம் "இறுகு" என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.
சூட்டில் இருந்தவை கேட்டன.
வால் தூக்கி, விலா நெளித்து,
ஒரு மணி நேரத்தில் ஈன்றன.
குளிரில் இருந்தவற்றுக்கும்
அதே மருந்து, அதே அளவு.
கதவு தட்டுவது காதில் விழுந்தும்
போர்வையை இழுத்துக்கொள்பவர் போலக் கிடந்தன.

27 சூட்டுப் பெட்டிக்காரி.
அவள் முறை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது.

வியாழன் இரவு தெற்குக் காற்று.
துறைமுகப் பக்கம் கம்பி அறுந்தது.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி நின்றது.
பெட்டியின் சூடு
பதினேழு, பதின்மூன்று,
எட்டு.
ரேவா தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதன்மேல் போட்டாள்.
ஆய்வு முறையில் ஜாக்கெட்டுக்கு இடமில்லை.

எட்டே முக்காலுக்கு ஊசி நிரம்பியிருந்தது.
உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள்.
ஆற்றுக்கல் போலச் சில்லிட்டிருந்தாள் 27.
இந்த உடம்பில் எதைச் சொன்னால் எங்கே போய் விழும்?
ஊசியைத் தட்டில் வைத்தாள்.

அந்த ஊரில் குளிர்கால வெயில்
வடக்கு ஜன்னலில்தான் வரும்.
விளிம்பில் பெட்டியை வைத்து, கம்பிவலை போட்டு,
ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்தாள்.
பதினோரு மணிவரை ஒன்றுமில்லை.
பிறகு முதுகில் வெயில் பட்ட இடம்
பழுப்பு மாறிக் கறுத்தது.
உடம்பு தன் சொல்லைத் தனக்கே எப்போது சொல்லிக்கொண்டதோ,
அது எந்தக் கருவியிலும் பதியவில்லை.
வால் தூங்கியது போலிருந்தது, தூக்கினாள்.

முதலாவது, ரேவாவின் சுண்டுவிரல் நீளம்.
வந்ததும் தன் மேல் ஒட்டிய சவ்வைத் தானே தின்றது.
இரண்டாவது நாற்பது நிமிடம் கழித்து,
வால் முதலில், அவசரமே இல்லாமல்.

ஹார்மோன் என்ற கட்டத்தில்: இல்லை.
வெப்பநிலை என்ற கட்டத்தில்: அளக்கவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்: வெயில்.

திங்களன்று பேராசிரியர் ஜோஸ்லின் ஹாக்பின்
சிவப்பு மையில் எழுதினார்,
"மாதிரியிலிருந்து நீக்கவும்."
அதன் கீழே பென்சிலில், இன்னும் சின்ன எழுத்தில்,
"எத்தனை மணிக்கு வந்தது வெயில்?"